நஞ்சல்ல, கம்பி வித்தை!

பாலக்கரைத் தோழர்களே! கழுத்துப்பட்டையும் கைப்பெட்டியுமாக வருகிறார் ஒருவர். நம் வீட்டு நீரில் இரு கம்பிகளை விடுகிறார், மின்சாரம் பாய்ச்சுகிறார், நீர் செம்பழுப்பாகிறது! "பார்த்தீர்களா நஞ்சை!" என்கிறார். நஞ்சல்ல தோழரே, கம்பியின் இரும்பு! கையசைப்பில் விபூதி வரவழைத்த வித்தையைக் கண்டு சிரித்த நாம், இந்தக் கம்பி வித்தைக்கு மாதத் தவணை கட்டலாமா?

நீரின் கடினத்தை நாமே அறியலாம். ஆழ்குழாய் நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பைத் தின்பவை அவை. அந்தப் பசியை அளந்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் அளந்ததும் அப்படித்தான்.

ஒரே அளவான இரு குப்பிகள். ஒன்றில் மழைநீர்; மற்றதில் அதே அளவு வீட்டு நீர். கட்டிச் சோப்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். (சலவைத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றும்!) மழைநீர் சில சொட்டிலேயே நுரைத்துச் சிரிக்கும். கடின நீரோ தயிராய்த் திரியும். நுரை நிலைக்க எத்தனை சொட்டு கூடுகிறதோ, அத்தனை கடினம்.

எண் வேண்டுமா? குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். 2012-ஆம் ஆண்டு வெளியான இந்தியத் தர அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீரே இல்லையெனில் 600 வரை. பருப்பு வேகவில்லையென்று துணைவியாரைக் கடிந்த தோழர்கள் அந்தத் தாளை முதலில் படிக்கட்டும்! 600-ஐத் தாண்டியிருந்தால், அதே தாளோடு மாமன்ற உறுப்பினர் வீட்டுக்கு நடப்போம். காவிரி ஓடும் ஊரில் நமக்கு ஏன் இந்த நீர் என்று கேட்போம்.