சுரண்டினால் பரிசு வேண்டாம், விடை வரட்டும்



வகுப்பறைக் கூரை திருத்த நிதி சேர்க்க 'சுரண்டினால் பரிசு' அட்டை அடிக்கலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். நூறு ரூபா கொடுத்து, கிடைக்குமா கிடைக்காதா என்று பார்ப்பது லொத்தர்தான். பாடசாலைப் பெயரைப் போட்டால் அது ஹலாலாகிவிடாது. 1974இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இந்தச் சுரண்டல் லொத்தர் வந்ததே, குலுக்கல் வரை காத்திராமல் உடனே ஆசை காட்டத்தான்.

ஆனால் ஒரு சகோதரர், "அப்ப சுரண்டுற அட்டையே கூடாதா சேர்?" என்று கேட்டார். மையில் என்ன குற்றம்? நாம் எல்லாரும் ரீலோட் கார்ட் சுரண்டியவர்கள்தானே. மைக்குக் கீழே எதை வைக்கிறோம் என்பதுதான் பேச்சு.

அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் எப்ஸ்டீன் அதற்குக் கீழே பரீட்சை விடையை வைத்தார். பல்தேர்வு வினாவில் பிள்ளை ஒரு கட்டத்தைச் சுரண்டும். நட்சத்திரம் வந்தால் சரி. வராவிட்டால் மறுபடி யோசித்து அடுத்ததைச் சுரண்டும், புள்ளி கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். பிழையான விடையோடு எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போகாது. நாம் திருத்திக் கொடுக்க இரண்டு கிழமை எடுக்கிறோம், அதற்குள் பிள்ளைக்குக் கேள்வியே மறந்துவிடும்.

தரம் 9க்கு நானே செய்து பார்த்தேன். வெள்ளி நிற அக்ரிலிக் பெயின்ட் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு. விடையின் மேல் செலோடேப் ஒட்டி, அதன்மேல் இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிட வேண்டும். டேப் இல்லாவிட்டால் சுரண்டும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். அச்சகத்தில் டேப்புக்குப் பதில் வார்னிஷ் பூசி, மேலே ஸ்கிரீன் பிரின்டிங்கில் மை போடுவார்கள்.

முதல் முறை மெல்லிய கடதாசியில் செய்து ஏமாந்தேன். பின்வாங்கு வீரர்கள் ஜன்னல் வெயிலுக்குப் பிடித்து நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! வெளிச்சம் ஊடுருவாமல் அச்சகங்கள் கறுப்புப் படலம் வைப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. இப்போது தடித்த மட்டை, பின்னால் கறுப்புத் தாள்.

வெள்ளி மைக்கு மேல் படமும் அச்சிடலாம். சுரண்டினால் படம் குலையும், மறுபடி பூசி மறைக்க முடியாது. கள்ள வேலைக்கு இடமில்லை.

கூரைக்கும் இதே அட்டை உதவும். கீழே பரிசு வேண்டாம், 50, 100, 500 என்று தொகை இருக்கட்டும். சுரண்டியவர் விரும்பினால் அதை ஸதகாவாகக் கொடுக்கட்டும். வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை.

மாதிரி அட்டை பார்க்க விரும்பும் பெற்றோர் பாடசாலை விட்டதும் வாருங்கள். பெயின்ட் இன்னும் பாதிப் போத்தல் இருக்கிறது.