பாலீஷ் போடுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்

முன்னோர் வழியில் வந்த சீன நாற்காலியையோ மேசையையோ விற்க நினைக்கும் குடும்பங்கள், ‘மிங் காலத்தது’ என்ற வீட்டுப் பேச்சை அப்படியே நம்பிவிடுகின்றன; நல்ல விலை கிடைக்கட்டும் என்று தச்சரை அழைத்துப் பாலீஷும் போடுகின்றன. மிங் ஆட்சி 1644-இல் முடிந்தது. அந்தப் பாணியில் நாற்காலி செய்வதோ இன்றுவரை நிற்கவில்லை. ஆகவே வடிவத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. சீன மரச்சாமான்களைப் பற்றி அறிஞர் வாங் ஷிஷியாங் எழுதிய நூல் 1985-இல் வெளிவந்தபின் சேகரிப்பாளர்களின் ஆர்வம் பெருகியது, போலிகளும் பெருகின. 2015 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு நாற்காலிகள் 96 லட்சம் டாலருக்கு மேல் போனதைக் கேட்டு நம் வீட்டு நாற்காலிக்கும் கணக்குப் போடுவது வீண் ஆசை. அவை ஹுவாங்ஹுவாலி என்னும் அரிய மரத்தில் செய்தவை.

மதிப்பை முதலில் தீர்மானிப்பது மரம். மிங்குக்குப் பின் ஆண்ட சிங் வம்சத்தின் அரண்மனை விரும்பிய ‘ஜித்தான்’, ஆந்திரக் காடுகளிலிருந்து கடத்தப்படுவதாக நாம் அடிக்கடி செய்தியில் படிக்கும் செம்மரம்தான். மலிவான மரத்துக்கும் அந்த நிறத்தை ஏற்றிவிடலாம் என்பதால், பொருளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஆணியில்லாமல் துளையில் கழுந்து செருகிய பொருத்துகள், பலகையின் அடியில் ஒட்டிய நார்த்துணியும் அரக்கும், கால் வைத்து வைத்துத் தேய்ந்த முன்சட்டம் ஆகியவை நல்ல அடையாளங்கள். இவற்றையும் போலியாகச் செய்வார்கள்; ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் செய்வது கடினம். பாலீஷுக்காகத் தேய்க்கும் உப்புத்தாள் அழிப்பது இந்தச் சாட்சிகளைத்தான். போன மேற்பரப்பு திரும்பி வராது.

கார்பன் சோதனை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சோதனை மரம் வளர்ந்த காலத்தைக் காட்டும், நாற்காலி செய்த காலத்தை அல்ல. பழைய வீட்டு உத்திரத்தை அறுத்துப் புது மேசை செய்பவர்கள் உண்டு. குடும்பக் கதைக்கு மதிப்பே இல்லையா என்றால், காகிதம் இருந்தால் உண்டு: வாங்கிய ரசீது, கப்பல் சரக்குச் சீட்டு, அந்த மேசை தெரியும் பழைய புகைப்படம். வாய்மொழி மட்டும் சந்தையில் நிற்காது.

பரம்பரையாக வந்தவற்றில் பல, இருபதாம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்காகச் செதுக்கிய கற்பூர மரப்பெட்டி போன்றவை. அவற்றுக்கு அடக்கமான விலைதான் கிடைக்கும். அதை ஏற்பதில் இழிவு இல்லை. உங்கள் பொருளை வாங்கப் போகிறவரிடமே விலை கேட்காதீர்கள். வாங்காத மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுத்து, எழுத்தில் பெறுங்கள். அதுவரை ஈரமில்லாத துணியால் தூசி மட்டும் துடையுங்கள்.