பத்து மைல் தள்ளி ஒரு பவுண்ட் தானியம்

அயர்லாந்தின் ஏழை விடுதிகளில் ஒரு விதி இருந்தது: உள்ளே வந்த குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள். கணவன் ஒரு கொட்டடி, மனைவி இன்னொன்று. அந்த விடுதிகளைக் கொண்டுவந்த 1838 ஏழைச் சட்டத்தின் கணக்கு எளிது. உதவி கசக்க வேண்டும், அப்போதுதான் சோம்பேறி எட்டிப்பார்க்க மாட்டான்.

அதே கணக்கு தாது வருடப் பஞ்சத்தில் இங்கும் வந்தது. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வட்டங்கள். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. 1877 தொடக்கத்தில் பஞ்ச நிலையைப் பார்க்க மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்ட் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். அரைக் கிலோகூட இல்லை, நாளெல்லாம் மண் சுமப்பவனுக்கு! தெம்புள்ளவர் வேலை கேட்டால் முகாம் வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி. (நடந்து வந்தவன் பசியாளி இல்லை, நடக்க முடியாதவன் வரப்போவதில்லை, இரண்டும் கஜானாவுக்கு லாபம்.) சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்தப் படி உயிரைக் காக்காது என்று எழுத்தில் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியைக் கூட்டினார்கள்.

2005 வேலை உறுதிச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது: ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல் கூலி. ஆனாலும் அந்த வேலைக்கு வந்த ஒரு கிழவி ஏரிக்கரை நிழலில் சற்று உட்கார்ந்தால், 'சும்மா உக்காந்து காசு வாங்குறாங்க' என்று டீக்கடையில் பேச ஆளிருக்கிறது. வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி போடுகிறார்கள் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.