டீசல் அம்பாசடர் வாங்கப் போறீங்களா? முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க!

"விலை படிஞ்சிடுச்சு. நாளைக்கு வந்தா அட்வான்ஸ் கொடுத்துடலாம். நீயும் வா!" போன வாரம் சித்தப்பா போனில் சொன்னார்.

தாத்தா புதுக்கோட்டையில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர். அந்த டீசல் சத்தத்தில் வளர்ந்த சித்தப்பா, சிங்கப்பூரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் 2 லட்சத்தை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். திருமயம் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் வெள்ளை அம்பாசடர் விலைக்கு வந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

போய் இறங்கியதும் மெக்கானிக் செய்த முதல் வேலை, பானெட்டில் கை வைத்ததுதான். சூடாக இருந்தது. "நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்றார் விற்பவர். "பரவாயில்லண்ணே, டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று எங்களை வெளியே கூட்டி வந்துவிட்டார் மெக்கானிக். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சோதனை ஆரம்பித்தது.

ஆறிய இன்ஜின் பொய் சொல்லாது

இந்தியாவின் முதல் டீசல் கார் அம்பாசடர்தான். 1980-ல் 1,489 சிசி டீசல் இன்ஜினோடு வந்தது. பிறகு இசுசூ டீசல் இன்ஜினும் வந்தது. எதுவானாலும் சோதனை ஒன்றுதான். சூடான டீசல் இன்ஜின் லேசில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆறிய பிறகு ஹீட்டர் போட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் ஹீட்டர் பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் என்று எங்கோ கோளாறு.

அடுத்தது புகை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கறுப்பாகக் கொட்டினால் நாசில், டீசல் பம்ப், ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் குறைவு, இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதைத்தான். இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், டீசலில் அது சகஜம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மட்டும் வண்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கையில் ஒரு காந்தம்

அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குகிறது. அதனால் துருவை வெறும் அழகுப் பிரச்னையாக நினைக்கக் கூடாது. கால் மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவுக்கு அடிப்பகுதி, டிக்கி தரை, லீஃப் ஸ்பிரிங் பாடியில் மாட்டியிருக்கும் இடம், எதையும் விடாதீர்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். அது ஒட்டாத இடத்தில், பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகரம் அல்ல, பட்டி. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று உப்புக்காற்றில் நின்ற வண்டியென்றால் இன்னும் கவனம் தேவை.

ஓட்டும்போது ஸ்டீயரிங் ஆட்டம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது, கியர் தானாக நழுவுவது ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

எங்களைத் திருப்பி அனுப்பிய காகிதம்

சித்தப்பா பார்த்த வண்டி இதிலெல்லாம் பாஸ்! அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. கடைசியாக ஆர்.சி-யை வாங்கிப் பார்த்தேன். எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று இருந்தது. இன்ஜின் நம்பரும் ஒத்துப்போகவில்லை.

டீசல் மலிவாக விற்ற காலத்தில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாற்றியவர்கள் நிறைய பேர். ஆர்.டி.ஓ அனுமதி வாங்கி ஆர்.சி-யில் பதிந்திருந்தால் பிரச்னையில்லை. பதியாவிட்டால் பெயர் மாற்றும்போதும், ஆர்.சி புதுப்பிக்கும்போதும் சிக்கல் வரும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும்.

சொந்த உபயோகக் காரின் ஆர்.சி 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் 20 வருடம் தாண்டிய காருக்கு இதற்கான கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. 'விண்டேஜ்' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் டீசல் அம்பாசடருக்கே அது 2030-ல்தான்!

பழைய கடன் ஆர்.சி-யில் நிற்கிறதா, டாக்ஸியாக ஓடிய வண்டியா என்பதையும் எம்-பரிவாகன் ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே" என்றார் விற்பவர். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆர்.சி-ய சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அட்வான்ஸ் வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

2014-ல் உற்பத்தி நின்றுபோன கார் இது. புதிதாக வராது என்பதால்தான் அவசரப்படுகிறோம். திரும்பும் வழியில் சித்தப்பாவே சொன்னார்: "உங்க தாத்தா தினம் காலைல ஆயில் பாக்காம வண்டிய எடுக்க மாட்டாரு. நான் ஆர்.சி-ய பாக்காம எடுக்க இருந்தேன்!"