வாசல் கிழக்கு, வெயில் மேற்கு

சென்னையை அடுத்த பட்டாபிராமில் மனை பார்க்க வருகிறவர் பட்டாவைக் கேட்பதற்கு முன்பே, "எந்தப் பக்கம் பார்த்த மனை?" என்று கேட்டுவிடுகிறார். கிழக்கு என்றால் புரோக்கரின் குரலே மாறிவிடும். 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தபின் அவர் சொல்லும் விலைக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. அனுமதியும் இப்போது எளிது. அதே ஆண்டு ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. அலையவிட்ட காலத்தில் பிளானைத் திரும்பப் பார்க்கவாவது நேரம் இருந்தது.

வாசலுக்கும் பூஜை அறைக்கும் வீட்டில் நடக்கும் பஞ்சாயத்தில் கால்வாசிகூட மேற்குச் சுவருக்காக நடப்பதில்லை.

சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. பலரும் பயப்படும் தெற்குச் சுவரில் கத்திரியில் உச்சி வெயில் விழுவதே இல்லை. மற்ற மாதங்களுக்கு இரண்டடி சன்ஷேடு பெருமளவு போதும். மேற்கு வெயிலோ நான்கு மணிக்குச் சாய்வாக வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழையும்.

வாஸ்து, பெரிய படுக்கையறையைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்கிறது. மாலை முழுக்கக் குடித்த சூட்டைச் சுவர் இரவில்தான் கக்கும். ஏசி கட்டணம் ஏறுவது அங்கேதான். ஆனால் தென்மேற்கு உயரமாக, கனமாக இருக்கட்டும் என்று சொல்வதும் அதே வாஸ்துதான். வெளிப் படிக்கட்டை மேற்கில் ஏற்றினால், உட்புறம் பீரோவும் அலமாரியும் அந்தச் சுவரோடு ஒட்டினால், சாஸ்திரமும் கெடாது, சுவருக்கும் நிழல் கிடைக்கும்.

அக்கினி மூலைச் சமையலறைதான் சிக்கல். கோடையில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் பட்டாபிராமுக்குத் தாமதமாக, களைத்துப்போய்த்தான் வரும். வந்ததும் முதலில் சந்திப்பது தாளிப்புப் புகையை. அந்தப் புகையோடுதான் ஹாலுக்குள் நுழைகிறது. மூலையை மாற்ற மனமில்லாதவர்கள் புகைக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, ஹாலுக்குக் கிழக்கில் தனி ஜன்னலும், காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு திறப்பும் விட வேண்டும். அரை கிரவுண்டு மனையில் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் எழும்பிவிடும். அங்கே பக்க ஜன்னல் பெயருக்குத்தான். நடுவில் நான்கடிக்கு நான்கடி வானம் பார்த்த ஓ.டி.எஸ். விட்டால் பழைய முற்றத்தின் வேலையில் பாதியை அது செய்யும்.

மனையடி சாஸ்திரத்துக்காக 12 அடி அறையை 11 ஆக்குகிறவர்கள், பேஸ்மென்ட் உயரத்தை மேஸ்திரியின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது வேடிக்கை. தெரு ஒவ்வொரு முறை போடப்படும்போதும் மேலேறுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தாழ்ந்த வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் எந்தப் பக்கம் பார்த்த வாசல் என்று கேட்கவில்லை.