உறைக்குள் இருக்கட்டும்



எஸ்.பி.எம். முடிவு வந்து சில மாதங்களில் கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். தாதியர் கல்லூரி, மருத்துவ உதவியாளர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி என்று நம் பிள்ளைகளின் பெயர் தாங்கி வரும் கடிதத்தைக் கண்டால் பெற்ற மனம் குளிராதா? அதனோடு ஒரு மருத்துவப் பரிசோதனைப் பாரமும் வரும். அதைப் பற்றித்தான் இம்முறை பேச வந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சிறு வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததுண்டு. மருந்தால் கட்டுப்பட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. டாக்டர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெருமை தாங்காத அப்பா, பாரத்தைத் திறந்தபடியே ஆபீசுக்குக் கொண்டு போய், "எல்லாம் சரியா இருக்குங்களா ஐயா?" என்று கிராணியிடம் காட்டினார். பொழுது சாய்வதற்குள் கடைசி லயம் வரை செய்தி போய்விட்டது. கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது. அவளுடைய அக்காளுக்குப் பேசியிருந்த இடம்தான் கை நழுவிப் போயிற்று.

"டாக்டரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்பீர்கள். கூடவே கூடாது! தூக்கம் கெட்டால் வலிப்பு திரும்பக்கூடும். தாதியருக்கோ இரவு வேலை உண்டு. கல்லூரிக்குத் தெரிந்தால்தானே அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்ய முடியும்? நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது சயரோகம் இருக்கிறதா என்று பார்க்க. இரத்தம் எடுப்பது 'ஹெப்படைட்டிஸ் பி' போன்றவற்றுக்காக. ஊசியும் இரத்தமும் கையாளும் தொழிலல்லவா? (அந்த நோய் ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஒட்டாது. லயத்தில் யாருக்காவது இருந்தால் தம்ளரை ஒதுக்கி வைக்காதீர்கள்.) பாரத்தில் பொய் எழுதிப் பிறகு தெரிய வந்தால், கிடைத்த இடமே பறிபோகலாம்.

டாக்டரிடம் உண்மை சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. நோயாளியின் விஷயத்தை வெளியே விடாமல் காப்பது டாக்டரின் கடமை. அரசாங்க கிளினிக்கானாலும் தனியார் கிளினிக்கானாலும் அதுதான் முறை. தனியார் கல்லூரிகளைக் கட்டுப்படுத்த 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்தோடு வைக்க வேண்டும், அதைப் பயன்படுத்த வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும் என்கிறது அது. அரசாங்கத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் 18 வயது நிறைந்தவர் பெரியவர். அதன் பிறகு மகளின் பரிசோதனை முடிவை டாக்டர் மகளிடம்தான் சொல்வார். பெற்ற தாய்க்குக் கூடவா மறைப்பு என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. என் மகள் அறைக்குள்ளே இருக்க, நான் வெளியே நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆகவே, பாரம் நிரப்பியதும் உறையில் போட்டு ஒட்டித் தரும்படி கிளினிக்கிலேயே கேளுங்கள். உறையின் மேல் 'சூலிட்' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் எடுத்துப் பெட்டியின் அடியில் வையுங்கள். சரி பார்க்கிறேன் என்று கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்சப்பில் போடாதீர்கள். சித்தப்பா மகனிடமிருந்து அது எங்கெல்லாம் போகும் என்று யார் கண்டார்? எதற்காவது விளக்கம் வேண்டுமானால் டாக்டரையே கேளுங்கள், அல்லது கல்லூரிக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது குழந்தைப் பருவத்துத் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். 1989 முதல் இந்நாட்டுக் குழந்தைகளுக்கு 'ஹெப்படைட்டிஸ் பி' ஊசி போட்டு வருகிறார்கள். அது அதில் பதிவாகியிருக்கும். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளை அதையும் மறக்க வேண்டாம். இரத்த முடிவு வரச் சில நாள் பிடிக்கும். கல்லூரியில் பதியும் நாளுக்கு முந்தைய தினம் வரை தள்ளிப் போடாதீர்கள்.