ரிங்குக்குள் ஏறும் எடை எது?

2000 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குத்துச்சண்டை வீரர்கள் ஆர்ட்டுரோ கட்டியும் ஜோயி கமாஷும் மோதினார்கள். ஒப்பந்த எடை 141 பவுண்டு, அதாவது 64 கிலோ. முந்தைய நாள் நிறுத்துப் பார்த்து இருவருமே அளவுக்குள் இருப்பதாக அறிவித்தார்கள். எடைக்கோல் நிலைக்கு வருமுன்பே கட்டி இறங்கிவிட்டார் என்று கமாஷ் தரப்பு சொன்ன புகார் எடுபடவில்லை. மறுநாள் இரவு, போட்டியை ஒளிபரப்பிய ஹெச்பிஓ தொலைக்காட்சி தன் சொந்த எடைக்கருவியில் இருவரையும் ஏற்றிப் பார்த்தது. கமாஷ் 145 பவுண்டு. கட்டி 160. கிட்டத்தட்ட ஏழு கிலோ வித்தியாசம். இரண்டாவது சுற்றில் கமாஷ் நினைவிழந்து விழுந்தார். மூளையில் காயம். அதன் பிறகு அவர் ரிங் ஏறவே இல்லை. போட்டியை மேற்பார்வையிட்ட நியூயார்க் மாநில ஆணையத்தின் மீது அவர் போட்ட வழக்கில் 2010-இல்தான் தீர்ப்பு வந்தது. எடை பார்த்ததில் ஆணையம் கவனக்குறைவாக இருந்தது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்தக் கவனக்குறைவால்தான் காயம் ஏற்பட்டது என்று நிரூபணமாகவில்லை என்று சொல்லி இழப்பீட்டை மறுத்துவிட்டது.

பெரிய உடம்பு சின்ன உடம்பை அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எடைப் பிரிவு என்ற ஒன்றையே வைத்தார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் குறைந்தது 17 பிரிவுகள் உண்டு. கீழ்ப் பிரிவுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று முதல் ஐந்து பவுண்டுதான் இடைவெளி. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துவிட்டு, போட்டிக்கு ஒரு முழு நாளுக்கு முன்னால் எடை பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். எடை பார்ப்பது போட்டி நாளுக்கே திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வடசென்னையில் பாக்ஸிங் கற்றுக்கொடுப்பவன். எடை பார்க்கும் நேரத்துக்குள் அவசரமாக எடையைக் குறைப்பதற்கு எங்கள் பேச்சில் 'வெயிட் இறக்குறது' என்று பெயர். சித்திரை வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். உப்பை நிறுத்துவார்கள், சோற்றை நிறுத்துவார்கள், கடைசியில் தண்ணீரையும் நிறுத்திவிட்டுக் காலி பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். வெளியூர்ப் போட்டிகளில், தங்கும் அறையில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். உதடு வெடித்திருக்கும், கண் உள்ளே போயிருக்கும். "இன்னும் முந்நூறு கிராம்தான் மாஸ்டர்" என்பான். அந்த முந்நூறு கிராமில் கொழுப்பு ஒரு சொட்டும் கிடையாது. எல்லாம் ரத்தத்திலும் தசையிலும் இருக்க வேண்டிய தண்ணீர். எங்கள் கூடத்தில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று சொன்ன பையனை அன்றைக்கு நான் ரிங்குக்குள் விடுவதில்லை.

அமெச்சூரில் ஒரு வேலி உண்டு. ஆடும் நாளெல்லாம் காலையில் எடை பார்ப்பார்கள், அதற்குச் சில மணி நேரத்தில் சண்டை. பதக்கம் வேண்டுமானால் வரிசையாகப் பல காலைகள் அதே எடையில் நிற்க வேண்டும். அதனால் மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு கிலோதான் இறக்க முடியும். 2018-இல் போலந்து போட்டிக்குப் போய் இறங்கியதும் நாலு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்ததாக மேரி கோம் சொன்னார். ஒரு மணி நேரம் ஸ்கிப்பிங் ஆடினாராம். எல்லோரும் வியந்து பாராட்டினார்கள். படித்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. தொழில்முறையில் அந்த வேலியும் இல்லை. எடை பார்த்த பிறகு குடித்துத் தின்று தேற்றிக்கொள்ள ஒரு முழு நாள் கிடைக்கும் என்று தெரிந்தால், ஆறு கிலோ, ஏழு கிலோ என்று துணிந்து இறக்குகிறார்கள்.

மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய சிரைகள் ஓடுகின்றன. பலமான அடியில் அவை கிழிந்தால் ரத்தம் கட்டி மூளையை அழுத்தும். ரிங்கில் நேரும் மரணங்களுக்கு முதன்மைக் காரணம் இந்த ரத்தக்கட்டுதான். உடம்பில் நீர் வற்றும்போது மூளை சற்றுச் சுருங்கி அந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன என்றும், ஒரு நாள் தண்ணீர் குடித்ததால் மட்டும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடாது என்றும் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் விவாதம் உண்டு. விவாதம் முடிகிறவரை பிள்ளைகளின் மண்டையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை.

முன்பு எடை பார்ப்பது போட்டி நாளன்றுதான். 1964 பிப்ரவரி 25 காலை மயாமி பீச்சில் காசியஸ் கிளே எடைமேடையில் கத்திக் கூச்சலிட்டு அபராதம் வாங்கினாரே, அன்று இரவேதான் சன்னி லிஸ்டனை வென்றார். 1980-களில் அது முந்தைய நாளுக்கு நகர்ந்தது. கெட்ட எண்ணத்தில் நகர்த்தவில்லை. காலையில் வற்றிய உடம்போடு நின்றவன் இரவுக்குள் தேற முடியாது, அவனுக்கு ஒரு நாள் கொடுப்போம் என்றுதான் நினைத்தார்கள். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் 14 சுற்று நின்று ஆடிச் செத்துப்போன கொரியர் கிம் டுக் கூ, 135 பவுண்டுக்கு இறங்க மிகவும் திணறியவர். அந்த மரணத்துக்குப் பிறகு 15 சுற்று 12 ஆனது. 2025 ஆகஸ்டில் டோக்கியோ கொராக்குவென் அரங்கில் ஒரே இரவில் அடிபட்ட ஷிகெடோஷி கொடாரியும் ஹிரோமாசா உரகாவாவும் அடுத்தடுத்த நாள்களில் இறந்தார்கள். இருவருக்கும் 28 வயது. அப்போதும் ஜப்பானில் முதலில் குறைத்தது ஓபிபிஎஃப் என்ற ஆசிய-பசிபிக் வட்டார அமைப்பின் பட்டப் போட்டிகளின் சுற்றுகளைத்தான், 12-லிருந்து 10 ஆக. சுற்றைக் குறைப்பது நல்லதே. ஆனால் உடம்பு எந்த நிலையில் ரிங்குக்குள் வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கிராம் கணக்கில் கறாராக இருக்கத் தெரியாதவர்கள் இல்லை, தொழில்முறைப் போட்டிகளை நடத்துபவர்கள். 2025 ஏப்ரலில் லண்டனில் கானர் பென்னுடன் மோதுவதற்கு முந்தைய நாள் கிறிஸ் யூபேங்க் ஜூனியர் 160 பவுண்டுக்கு மேல் 0.05 பவுண்டு இருந்தார். அது ஏறக்குறைய 23 கிராம். அபராதம் 3,75,000 பிரிட்டிஷ் பவுண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடைக்கு அவ்வளவு பணம். மறுநாள் காலை 170 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. வென்றவர் யூபேங்க். ஆனாலும் போட்டி முடிந்ததும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இந்த மறுநாள் கட்டுப்பாட்டைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். 2023-இல் ஜெர்வோன்டா டேவிஸ், ரயன் கார்சியா போட்டிக்கு 136 பவுண்டு என்றும், மறுநாள் காலை 146-க்கு மேல் போகக் கூடாது என்றும் பேசி முடித்தார்கள். இயல்பில் பெரிய உடம்பு கார்சியாவுக்கு. இறக்கிய தண்ணீரை முழுதாகத் திரும்பக் குடிக்கவும் அவருக்கு அனுமதி இல்லை. பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கிறதோ அவர் எதிராளியை வற்றிய நிலையிலேயே ரிங்குக்கு வரவழைக்க இது உதவுகிறது. உலகப் பட்டங்கள் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப், தன் பட்டப் போட்டிகளில் மறுநாள் காலை பிரிவு எடையைவிடப் பத்து பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று பொதுவாகவே ஒரு விதி வைத்தது. 2017-இல் சாம்பியன் கொலோவ்கினோடு மோதிய டேனியல் ஜேக்கப்ஸ் அந்த மறுநாள் எடை பார்க்க வரவே இல்லை. ஐபிஎஃப் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்காது என்றார்கள். மற்றப் பட்டங்களுக்கான சண்டை வழக்கம்போல் நடந்தது.

போட்டி நாளன்று எடை பார்த்தால் வற்றிய உடம்போடுதானே ஆடுவார்கள் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டுக்கு பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 6-இல் மூன்று பேரை வென்றவர், மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததால் இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பையே இழந்தார். இரவு முழுக்கத் தூங்காமல் வியர்வை சிந்தினார், முடியைக்கூட வெட்டினார்கள். 53 கிலோவில் ஆடிவந்தவர் 50-க்கு இறங்க வேண்டியிருந்தது அதற்கும் முந்தைய சிக்கல். அதை எடை பார்க்கும் நேரத்தை மாற்றித் தீர்க்க முடியாது.

தீர்க்கும் வழியை அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் காட்டியிருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் ஐந்து வாரங்களுக்குள் கேம்ப்பெல், விஸ்கான்சின் லா கிராஸ், மிச்சிகன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் மூன்று மாணவர்கள் எடை இறக்கும்போதே செத்துப்போனார்கள். ரப்பர் சூட், சூடான அறை, தண்ணீர் குடிக்காமை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு உடனே ரப்பர் சூட்டையும் நீராவி அறையையும் தடை செய்தது. எடை பார்ப்பதைப் போட்டிக்கு மிக அருகில் கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. பருவத் தொடக்கத்திலேயே சிறுநீரைச் சோதித்து, உடம்பில் போதிய நீர் இருக்கும்போது கொழுப்பை அளந்து, இதற்குக் கீழே நீ இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எடையைக் குறித்துவிடுகிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. கல்லூரிப் பையன்களுக்குச் செய்ய முடிந்ததைக் கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு செய்ய முடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

போட்டியாளர் கடைசி நாளில் எடை தவறினால் டிக்கெட் வாங்கியவர்கள் என்ன ஆவார்கள் என்று போட்டி நடத்துபவர்கள் கேட்பார்கள். 30 நாளுக்கு முன்பும் ஏழு நாளுக்கு முன்பும் எடை பார்க்கும் வழக்கம் டபிள்யூபிசி என்ற உலகப் பட்ட அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இரண்டு முறையும் சிறுநீர்ச் சோதனையையும் சேர்த்துவிட்டால், யார் எந்தப் பிரிவில் நிற்க முடியாது என்பது போட்டி நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.

எங்கள் கூடத்திலும் தொழில்முறைக்குப் போக ஆசைப்படும் பையன்கள் வந்துவிட்டார்கள். குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் 2015-இல் தொழில்முறைக்குப் போன பிறகு இந்த ஆசை பெருகியிருக்கிறது. யாராவது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால், பணத்தைப் பற்றிப் பேசுமுன் எடை எழுதியிருக்கும் வரியைப் படிக்கிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு எடை, அன்று சிறுநீரைச் சோதிப்பார்களா, யார் சோதிப்பார்கள் என்று கேட்கிறேன். பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட என் பையன்களை நான் விடப்போவதில்லை. மற்றப் பயிற்சியாளர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.